பயன்பாடு

முகத்துவாரத்தில், மீன்வாடிக்குப் பின்னால்
ஒரு கோபுரம்.
மணி இல்லை, விளக்கில்லை, சாமியும் இல்லை.
அசனாலெப்பை முதலாளி கட்டியதாம்,
பக்கத்து வளவுக்காரன் மாடி வைத்ததற்காக.
அவனுக்கு முந்தி இவருக்குக் கப்பல் தெரியவேண்டுமாம்.

மாநகரசபைப் படிவத்தோடு
ஐம்பத்திரண்டு படி ஏறினேன்.
உச்சியில் புறா எச்சம்,
ஒற்றைச் செருப்பு,
சுவரில் கரியால் யாரோ போட்ட கூட்டல் கணக்கு;
விடை பிழை.

நீளம், அகலம் எழுதியாயிற்று.
பயன்பாடு என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

புதிய அடுக்குமாடிகள் இரண்டுக்கு நடுவே
ஒரு விரலளவு கடல்.
அதற்குள் ஒரு கப்பல் மூக்கை நுழைத்தது.
வால் கடந்து முடியும்வரை
நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

கீழே திலகசிறி கத்தினான்:
"மிஸ், மழை வருது!"

கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
கொஞ்சம் கோணல்.