பதினேழாம் எண்

ஒன்பதாயிரம் அடி உயரம், மார்ச் மாதம்.
வேலியின் இரண்டாம் கம்பி வரை பனி.
கொலராடோவில், டெல்மர் ஹாஸ்கெட்டின் பண்ணையில்
முப்பத்தொரு கிடாரிகளுக்கு அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன்.

இரும்புக் கூண்டில் தலையை மாட்டி
கழுத்தோரம் மயிர் மழித்து
நாளத்துக்குள் மெல்லிய குழாயை விடுவேன்.
இதயத்தின் வலது அறைகளைக் கடந்து
நுரையீரல் வாசலுக்குப் போய்
ஓர் எண்ணைத் திரைக்கு அனுப்பும்.
நாற்பதுக்குள் என்றால் மேய்ச்சலுக்கு.
ஐம்பதைத் தாண்டினால் கீழ்நாட்டுக்கு.
இந்த உயரத்தில் காற்று கஞ்சன்.

பதினேழுக்குக் குழாயே வேண்டியிருக்கவில்லை.
தாடைக்கடியில் தொடங்கி மார்பு வரை
தாம்புக்கயிறு போல நாளம்,
முன்மார்பில் நீர் கோத்த பை.
"எழுபது இருக்கும்" என்றேன்.
எழுபத்து நான்கு.

கூண்டின் கதவை இழுத்து மூடிய டெல்மர்
கம்பியில் கையூன்றி நின்றார்.
கழுத்துத்துணியை அவிழ்த்து வியர்வை துடைத்தார்.
அந்தக் குளிரில், வியர்வை.

கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற ஆளில்லை அவர்.
இருபது வருடத்தில் ஒரு மாட்டைக்கூட வைததில்லை.
வாய் மூடி, நின்றது நின்றபடி இருக்க
காதுமடல் வரை ஏறித்
தளும்பிக்கொண்டிருந்தது அது.

நான் மாட்டு டாக்டர்.
மனிதக் கழுத்தைப் படிக்க உரிமம் கிடையாது.
கண்ணைத் தாழ்த்தினேன்:
பூட்ஸ் கயிறு இரண்டும் கட்டாமல் கிடந்தன.

"ராத்திரி எங்கே தூங்குறீங்க?"
"சாய்வு நாற்காலியில. அக்டோபர்லேர்ந்து.
படுத்தா யாரோ மேல உக்காந்த மாதிரி.
ஓபல்கிட்ட குறட்டைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பதினெட்டு உள்ளே வந்தது. நான் கத்தியை எடுக்கவில்லை.

"பதினேழை என்ன பண்ணணும்?"
"உங்களுக்கே தெரியும்."
"இன்னைக்கே கீழ இறக்கணும்."
"ஆமா."
"விரட்டாம."
"ஆமா."

அவர் விரல் மெல்லத் தன் கழுத்துக்குப் போனது.
அடுத்தவர் பையில் கைவிட்டதுபோல்
சட்டென்று திரும்பி வந்தது.

"என் காதுலயும் மஞ்சள் வில்லை குத்துவியா?"
சிரிக்க மூச்சு போதவில்லை.

பதினேழு டிரெய்லரில் ஏறியது.
சாவியை நான் கேட்டேன்.
முப்பது வருடமாக யாருக்கும் தராத சாவி.
தந்தார்; சுற்றிப் போய்
மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டார்.

மிச்சம் பதினான்கும் மூச்சு புகைய
வரிசையில் நின்றன.
ஓபல் வாசலில் வந்து, எங்கே என்று கேட்டாள்.

"மாட்டை விடத்தான்" என்றார்.