சீட்டு ஒட்டாத வாரங்கள்

ஜேக்கப்ஸ் சட்டை ஃபேக்டரியில்
இருபத்திரண்டு வருஷம் காலர் தைத்தேன்.
ஒரு கட்டு முடிந்தால் ஒரு சீட்டு.
கோந்து தடவி நோட்டில் ஒட்டினால்தான்
வெள்ளிக்கிழமை உறையில் கூலி.

கர்த்தருக்கும் அப்படியொரு நோட்டு
மனசுக்குள் வைத்திருந்தேன்.
உபவாசம் ஒன்று, ஒட்டு.
ஆஸ்பத்திரியில் போய் ஜெபித்தது, ஒட்டு.
என் கட்டு மூன்றை மிஸஸ் படையாச்சி
கோணல் என்று தள்ளியபோது
வாயைத் திறக்காமல் இருந்தேனே,
அதற்கு இரண்டு சீட்டு.

ஜூன் குளிரில் ஊசி
விரலுக்குள் இறங்கி ஒடிந்தது.
ஒன்பது வாரம் வீட்டில்.
ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்.
வேதப்புத்தகம் அதே பக்கத்தில் திறந்து கிடந்தது,
மேலே டீக்கறை.
ஒட்ட ஒன்றுமில்லை.

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு, தகரக் கூரை, இராப்போஜனம்.
கையால் பிய்த்த ரொட்டி.
எடுக்கக் கூசி நின்றேன்.
"வாங்குங்கக்கா," என்றார் நேசமணி பாஸ்டர்,
"பின்னால ஆள் நிக்குது."

வாங்கினேன்.
வலது கையில் கட்டு.
இடது கையால் வாங்கினேன்,
மன்னிப்புக் கேட்காமல்.

"தட்டைப் பிடிங்க, பாத்திரம் எடுத்துட்டு வரேன்."
திரும்பினேன்.
பின்னால் நின்ற ஆள்
மிஸஸ் படையாச்சி.
ஃபேக்டரி மூடி வேலை போனபின்
முதல் தடவை வந்திருக்கிறாள்,
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
என் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

மூன்று கட்டு.
பதினேழு ரேண்ட் நாற்பது சென்ட்.
மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

தட்டை நீட்டினேன்.
இருந்ததிலேயே பெரிய துண்டை
எடுத்துக்கொண்டாள்.