முதலில் யாரிடம் போவாய்

கோடியாக் தீவில் விடியல் என்பது
மீன் ஆலையின் சங்குதான்.
வெளிச்சம் வர இன்னும் நான்கு மணி நேரம்.
ரப்பர் காலணி, ரப்பர் ஏப்ரன்,
கையுறைக்குள் இன்னொரு கையுறை.
உள்ளுறையின் மணிக்கட்டில்
பேனாவால் எழுதியிருக்கிறேன்:
பொட்டாசியம், மூன்றரை முதல் ஐந்து.

இலோயிலோவில் ஆறு வருடம்
குழந்தைகள் வார்டில் இரவுப்பணி பார்த்தவள்.
இங்கே காட் மீனின் வயிற்றைத் திறக்கிறேன்.
எங்கே வலிக்கிறது என்றால் சொல்லாத நோயாளிகள்,
நிமிடத்துக்கு நாற்பது பேர்.

பெல்ட் நகர, பாடமும் நகர்கிறது.
டிகாக்சின் தருமுன்
நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து
ஒரு முழு நிமிடம் கேள்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே.
பெரியவருக்கு அறுபதுக்குக் கீழென்றால்
மாத்திரை உன் கையிலேயே இருக்கட்டும்.
கைக்குழந்தைக்குத் தொண்ணூறு.
அந்தத் தொண்ணூறு மட்டும் எனக்குப் படிக்காமலே தெரியும்.

இரண்டு இன்சுலினைக் கலக்கும்போது
தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு.
என் வாழ்க்கையில் எதுவும் அந்த வரிசையில் வந்ததில்லை.

பொட்டாசியத்தை ஊசியால் நேரே நரம்பில் தள்ளாதே,
ஒருபோதும்.
இந்தத் தடித்த புத்தகத்தில்
அந்தச் சொல் அபூர்வமாகத்தான் வருகிறது.
வந்த இடத்திலெல்லாம்
யாரோ ஒருவர் இறந்திருக்கிறார்.

எனக்கு வராதது ஒன்றே ஒன்று.
நான்கு கதவுகள், நான்கு நோயாளிகள்.
ஒருவர் வலியில் கத்துகிறார்.
ஒருவர் டாக்டரைத் திட்டுகிறார்.
ஒருவருக்கு இன்று வீட்டுக்குப் போகும் நாள்.
ஒருவர் அமைதியாக இருக்கிறார்,
காலையில் இப்படி இல்லை.
முதலில் யாரிடம் போவாய்?
பதினொரு முறையும் கத்துபவரிடமே போனேன்.
பதினொரு முறையும் சிவப்புப் பெருக்கல் குறி.

புதன்கிழமை
ஜுன்ரெல்லின் கட்டைவிரலில் கத்தி இறங்கியது.
அவன் அலறிய அலறலில்
மூன்றாம் வரிசையே திரண்டு ஓடியது.
நானும் ஓர் அடி எடுத்து வைத்தேன்.
அப்போதுதான் செஃபோ கண்ணில் பட்டார்.
சமோவாக்காரர், ஆறடிக்கு மேல்,
தேவாலயத்தில் கனத்த குரலில் பாடுபவர்.
ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து
தன் கத்தியை
வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நெற்றியில் வியர்வை.
அந்தக் கூடத்தில் யாருக்கும் வியர்க்காது.

கத்துகிறவனிடம் மூச்சு இருக்கிறது.
விரலை அழுத்திப் பிடிக்க ஆறு பேர் இருக்கிறார்கள்.

சிவப்புப் பொத்தானை அறைந்து பெல்ட்டை நிறுத்தினேன்.
கத்தியை அவர் விரல்களிலிருந்து கழற்றினேன்.
இரண்டு உறைகளையும் உருவி எறிந்து
கன்னத்தைத் தொட்டேன்.
ஈரம். மீனின் குளிர்.
செஃபோ, இன்றைக்கு என்ன கிழமை?
"ஊசி போட்டேன், சாப்பிடவில்லை" என்றார்,
நான் கேட்காத கேள்விக்கு.
எச்சிலை விழுங்கச் சொன்னேன், விழுங்கினார்.
யாருடைய மதியச் சாப்பாட்டுப் பையிலோ இருந்த ஆரஞ்சுச் சாறு,
அரை டம்ளர்.
பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்.

பதினைந்து நிமிடம் என்றால் அறுநூறு மீன்.
மேற்பார்வையாளர் ஹால்வர்சன்
அதைத்தான் சொன்னார், இரண்டு தடவை.

சனிக்கிழமை ஆங்கரேஜில் தேர்வு.
கடிகாரத்தையும் கைக்குட்டையையும் பூட்டி வைத்தார்கள்.
உள்ளங்கையின் நரம்புகளை ஓர் இயந்திரம் படித்தது.
மீன்வாடை அதற்குத் தெரியாது போலிருக்கிறது.
நாற்பத்தொன்றாம் கேள்வியில்
ஒருவர் வியர்த்துக் குளிர்ந்திருந்தார்,
விழித்திருந்தார், விழுங்க முடிந்தது.
முதலில் என்ன செய்வாய்?
நான்கு விடைகளில்
பெல்ட்டை நிறுத்து என்று ஒன்று இல்லை.
கத்தியை வாங்கு என்றும் இல்லை.
பழச்சாறு மூன்றாவதாக நின்றது.

எண்பத்தைந்தில் திரை அணைந்தது.
நன்றாக எழுதியவர்களுக்கும் அங்கேதான் அணையும்,
மோசமாக எழுதியவர்களுக்கும்.

திங்கள், சங்கு.
செஃபோ தூரத்திலிருந்தே
ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டிக் கடித்தார்.
ஜுன்ரெல்லுக்கு ஏழு தையல்,
முகம் இன்னும் இறங்கியே இருந்தது.
"அவ்வளவு கத்தினேனே நெனிதா,
உனக்குக் கேட்கவில்லையா?"

கேட்டது என்றேன்.
அதனால்தான்.