வரவில்லை, கேட்கவில்லை

குத்தாலம் தாலுகா ஆபீஸில்
எனக்கு டோக்கன் நாற்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்திரண்டு.
எனக்கு வாரிசுச் சான்றிதழ்.
அவளுக்குக் குளத்தில் வண்டல் எடுக்க அனுமதி.
ஒரே மேஜை, ஒரே மின்விசிறி,
இருவருக்கும் ஒரே பதில்:
சார் சாப்பாட்டுக்குப் போயிருக்கார்.

என் படிவத்தில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின.
நான். அப்பா கோதண்டபாணி.
அவர் அப்பா அய்யாக்கண்ணு.
அவர் அப்பா வைத்தியலிங்கம்.
அதற்கு மேல் வெறும் கோடு.
பழைய பதிவேடு வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டதாம்.
எந்த வெள்ளம் என்று கேட்டேன்.
"ஏதாவது ஒண்ணு போட்டுக்குங்கம்மா" என்றார்கள்.

எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"வில்லியநல்லூரா?
எங்க வீட்டுக் கடன் நோட்டுல
அந்த ஊர் ஆளுங்க நிறைய."

தையல்நாயகியின் வீடு வாய்க்கால் கரையில்.
வாசல் கொள்ளாமல் பிரியாணிச் சட்டிகள்.
சீர்காழி ஓட்டலுக்கு இருநூறு,
பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும்.
மோட்டார் சக்கரம் நிற்கவே இல்லை.
தம்பி லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான்.
பேரேட்டை என் மடியில் போட்டுவிட்டு
அவள் மண்ணுக்குத் திரும்பிவிட்டாள்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.
டாக்டர் கிறுக்கலைப் படிப்பதுதான் பிழைப்பு.
புள்ளியில்லாத எழுத்து, செல்லரித்த ஓரம்,
அணா, தம்பிடி, எதற்கும் அசரவில்லை.
பக்கம் பக்கமாக ஊர் வாங்கிய பானைகள்:
கல்யாணத்துக்கு அரசாணிப்பானை,
தைக்குப் புதுப்பானை,
மாடு முட்டி உடைத்ததற்கு மாற்றுத் தொட்டி.
பிறகு அந்த வரி.

"வில்லியநல்லூர் வைத்தியலிங்கம்.
தாய் குஞ்சம்மாளுக்குக் கொள்ளிக்குடம் ஒன்று.
ஓரணா. வரவில்லை.
கேட்கவில்லை."

கடைசிச் சொல் மட்டும் வேறு மை.

குஞ்சம்மாள்.
பட்டாவில் இல்லாத, பத்திரத்தில் இல்லாத,
எங்கள் வீட்டில் யார் வாயிலும் இல்லாத பெயர்.
மூன்று ஓட்டை போட்டு, தோளில் சுமந்து,
திரும்பிப் பார்க்காமல் போட்டுடைத்த குடம்
அவளைப் பத்திரமாக வைத்திருந்தது.
உடைந்ததால் அல்ல,
காசு கொடுக்காததால்.

"ஓரணா பாக்கி" என்றேன். குரல் ஒரு மாதிரி வந்தது.
தையல்நாயகி கை கழுவாமலே நிமிர்ந்தாள்.
"கொள்ளிக்குடத்துக்கு வட்டி கிடையாது.
மீன்சட்டி வேணும்னா எடுத்துக்குங்க, நூத்தி எண்பது.
அதுல பேரம் கிடையாது."

ஒன்றை எடுத்தேன், வைத்தேன், இன்னொன்றை எடுத்தேன்.
விரல் முட்டியால் தட்டினேன்.
கணீரென்றதை வைத்துக்கொண்டேன்.
வட்டம் முழு வட்டமில்லை.
தட்டுக்கட்டை விழுந்த இடமெல்லாம் அடிப்பக்கத்தில்
கெண்டைச் செதில் போல, வரிசை தப்பி.
ஒரு பக்கம் சூளைப்புகை
கறுப்பாக நக்கிவிட்டுப் போயிருக்கிறது.
விளிம்புக்குக் கீழே
ஈரத்தில் தூக்கிய கட்டைவிரலின் குழி.
என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
பொருந்தியிருந்தால்
கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
டிரைவரின் முதுகை முறைத்தேன்.

புதுச்சட்டியில் உடனே குழம்பு வைக்கக் கூடாது.
மூன்று நாள் வடிகஞ்சி ஊற்றிப் பழக்க வேண்டும்.
முதல் நாள் கசியும் என்றாள்.
கசிகிறது.
அடுப்பருகே நின்று
குஞ்சம்மாள், குஞ்சம்மாள் என்று
சும்மா சொல்லிப் பார்க்கிறேன்.
நாக்குக்கு இன்னும் பழகவில்லை.

படிவத்தில் அந்தக் கோட்டின் மேல்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
தகப்பன் பெயர் என்று அச்சடித்த இடம் அது.
நாளைக்கு மறுபடி டோக்கன் வாங்க வேண்டும்.
அதற்குள்
சார் சாப்பிட்டு வந்திருப்பார்.