மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

மார்கழி பிறந்து ஆறாவது ராத்திரி.
செய்தியில் இருபத்தொன்று என்றார்கள்.
இருபத்தொன்றுக்கு இந்த மனிதர்
குரங்குக் குல்லாய், காலுறை, காதில் பஞ்சு,
அதற்கு மேல் ரயில்வே காலத்துக் கம்பளி.
கண்ணும் மூக்கும் மட்டும் எனக்குக் கணவர்.

எனக்கு ஐம்பது நடக்கிறது.
மாதவிலக்கு நின்று பதினோரு மாதம்.
அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பும்,
மார்பேறி, கழுத்தேறி,
காதுமடலில் போய்ப் பற்றிக்கொள்ளும்.
நைட்டியின் முதுகு நனைந்துவிடும்.
இரண்டே நிமிடம்.
பிறகு, விருந்தாளிகள் கிளம்பிப்போன வீடாக
அலங்கோலமாய்க் கிடக்கும் உடம்பு.
'போகப் போகச் சரியாயிடும்' என்றார் டாக்டரம்மா.
எது போக என்று சொல்லவில்லை.

ஆகவே மின்விசிறி ஐந்தில்.
ஐந்தில் சபைக் காலண்டர் சுவரில் அடித்துக்கொள்கிறது.
ஜன்னலோரக் காகித நட்சத்திரம்
பண்டிகைக்கு முன்பே கிழிந்துவிடும் என்கிறார்.
அக்கறை நட்சத்திரத்தின் மேல் இல்லை,
எனக்குத் தெரியாதா?

முப்பத்து நான்கு வருடம்
பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையில்
இரும்பை இரும்போடு ஒட்டவைத்தவர்,
அக்கினி வெயிலிலும் தோல் அங்கியோடு.
'என் சூட்டையெல்லாம் அங்கேயே
செலவழிச்சிட்டேன் எஸ்தர்.'
வட்டியாவது மிச்சம் இருக்கும்,
தேடிப் பாருங்கள் என்றேன்.

ரெகுலேட்டர் பழசு. கறுப்பு டப்பா.
நான் தண்ணீர் குடிக்கப் போனால் இரண்டாகிறது.
அவர் ஒன்றுக்குப் போனால் ஐந்தாகிறது.
அவர் ராத்திரிக்கு நான்கு தடவை போகிறவர்;
கணக்கில் நானே முன்னிலை.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஓர் இடம் உண்டு.
குமிழை அங்கே நிறுத்தினால்
டப்பாவுக்குள் வண்டு மாட்டியது போல ஓர் இரைச்சல்.
காற்று என்னவோ சரியாகத்தான் வருகிறது.
இருவருக்கும் தூக்கம்தான் வருவதில்லை.

வின்னிபெக்கிலிருந்து ஜெபின் கூப்பிட்டான்.
வெளியே மைனஸ் இருபத்தாறாம்.
ஹீட்டர் பொத்தானுக்குப் பெட்டி போட்டுப் பூட்டி
சாவியை வீட்டுக்காரன் வைத்திருக்கிறானாம்.
கூடத் தங்கும் பையன் வெறும் பனியனோடு திரிய
இவன் இரண்டு ஸ்வெட்டரோடு படுக்கிறானாம்.
திரையில் அப்பாவின் குல்லாயைப் பார்த்து
அப்படி ஒரு சிரிப்பு.
'அங்க எவ்ளோம்மா?'
'இருபத்தொண்ணு.'
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'இங்க அந்த இருபத்தொண்ணுக்குத்தாம்மா சண்டையே.'

அன்றைக்கே ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
அயனாவரம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.
தூரத்தில் ஒரு சரக்கு வண்டி மட்டும்.
அப்போது பார்த்து எனக்கு ஏறியது,
வயிறு, மார்பு, கழுத்து.
எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆணியிலிருந்து எதையோ கழற்றும் சத்தம்.
ஒற்றைத் தாள் மிஞ்சிய காலண்டர் அட்டையால்
குல்லாயும் கம்பளியுமாக
ஓர் உருவம் எனக்கு விசிறுகிறது.
வசனம் எழுதிய பக்கமா, படம் போட்ட பக்கமா,
இருட்டில் தெரியவில்லை.
காற்று வந்தது.
நல்ல காற்று.
கண் கலங்குவதற்குள்
கை தளர்ந்தது,
அட்டை என் மூக்கின் மேல் விழுந்தது,
குறட்டை கேட்டது.

கரண்ட் வந்தபோது மணி மூன்று.
விசிறி விட்ட இடத்தில், ஐந்திலேயே தொடங்கியது.
எழுந்து போய்க் குறைக்கலாம்தான்.
நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.
கம்பளிக்கு அடியிலிருந்து
ஐஸ் கட்டியாய் இரண்டு பாதங்கள்
நகர்ந்து நகர்ந்து வந்து
என் கெண்டைக்காலைக் கண்டுபிடித்தன.

பகலெல்லாம் என் சூட்டைக் குறை சொல்லிவிட்டு
ராத்திரி அதில் குளிர் காய்கிற ஆள்.
காலை இழுத்துக்கொள்ளவில்லை நான்.
எனக்கும் அந்த இடம் கொஞ்சம்
ஜில்லென்றிருந்தது.