பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவள்

முபீனா பூஜ்யத்திலிருந்து எண்ணுவாள்,
கணினி அறிவியல் படித்துவிட்டு வந்தவள்.
நான் தாவரவியல். ஒன்றிலிருந்துதான் எண்ண வரும்.
இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில்
நேற்று ஒரு மரபணு முழுதும்
தப்பான புரதமாய் மொழிபெயர்ந்து நின்றது.
யார் மேல் தப்பு என்று
மெஸ் உப்புமா ஆறும்வரை சண்டை.

அட்டுவம்பட்டியில் ஐந்து மணிக்கே மஞ்சு இறங்கிவிடும்.
ஆய்வுக்கூட ஜன்னலில் உடைந்த சதுரத்தை
ஹார்ட் டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியால் அடைத்திருக்கிறோம்.
ஹைதராபாத்தில் புறப்பட்டு
வத்தலக்குண்டு கூரியர் ஆபீசில் நாலு நாள் தூங்கி
காய்கறி வண்டியில் மலையேறி வந்தது
எங்கள் பூம்பாறைப் பூண்டு.
போனபோது குப்பிக்கு ஒரு துளி.
திரும்பியபோது நாலே எழுத்தில் நானூறு ஜிபி.

மனிதனுடையதைப்போல் ஐந்து மடங்கு நீளம்
என்று வகுப்பில் சொன்ன அன்றைக்கு
பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி:
"ரசத்துல போடுறப்ப மரியாதையா போடணும்டி."

விதை வைக்காது இந்தப் பூண்டு.
உடைத்து ஒரு பல்லை ஊன்றினால் மறுபடி அதுவே.
அம்மா இல்லை, மகள் இல்லை,
ஒரே செடி
எத்தனை காலமாகவோ
மேல்மலைச் சரிவெங்கும் நின்றுகொண்டிருக்கிறது.
தன்னைப் பிரதி எடுக்கையில்
அது எங்கே கைதவறியது என்று தேடுவதுதான்
எங்கள் நாலாம் செமஸ்டர்.

இரவு பதினொன்றுக்கு நிரலை ஓடவிட்டோம்.
பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி
ஒரு காட்டுமாடு படுத்திருந்ததால்
வாட்ச்மேன் தர்மலிங்கம் வர மறுத்தார்.
நியாயம்தான்.
யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது.
"நடுவுல நின்னா நின்ன இடத்துலேர்ந்தே
தொடங்குற மாதிரிதான் எழுதிருக்கேன்"
என்றாள் முபீனா, கையை ஊதிக்கொண்டே.
எனக்கு அப்படி எதுவும் எழுதத் தெரியாது.

விடிகிற நேரம் வந்தது விடை.
பதினேழாம் மாதிரியில்
எந்தச் செடியோடும் பொருந்தாத துணுக்குகள்,
நூற்றுக்கு இரண்டு.
புது வைரஸா?
பேர்கூட யோசித்துவிட்டோம், அதைச் சொல்ல மாட்டேன்.
பெரிய தரவுத்தளத்தில் தேடக் கொடுத்துவிட்டு
டீ போட்டோம். பால்பவுடர் கட்டிதட்டியது.

பொருந்தியது.
மனிதன்.
வரிசை வரிசையாய், பச்சைப் பச்சையாய்
மனிதன், மனிதன், மனிதன்.
முபீனா என் கையைப் பார்த்தாள்.

அக்டோபரில் கையுறை தீர்ந்திருந்தது.
பதினேழாவதை வெறுங்கையால் உரித்தவள் நான்.
நகக்கண்ணில் மூன்று நாள் எரிந்தது.

அத்தனை பூண்டுக்கு நடுவே
துண்டுதுண்டாய்க் கிடந்திருக்கிறேன்.
அப்பாவின் சர்க்கரையோ
அம்மா வழிக் கோணல் பல்லோ
எது எதன் துண்டு என்று தெரியாமல்.

"எடுத்துரலாம். ஒரு வரிக் கட்டளைதான்."
"பாக்க வேணாமா?"
"நீ பாக்கணுமா?"

மன்னவனூர் முதல் பஸ்
மஞ்சுக்குள் ஹாரன் அடித்துப் போனது.
அது தேயும்வரை யோசித்தேன்.
பிறகு நானே தட்டினேன்.
நீக்கப்பட்டவை எட்டு லட்சத்துச் சொச்சம்
என்றது திரை.

கையுறை வாங்க வேண்டும்
என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன்.
முபீனா எழுந்துபோய்
அதற்கு ஒரு வரிசை எண் போட்டாள்:
பூஜ்யம்.