கோரைப்பல்

முதலில் நானும் சிரித்தேன்.
அதை எழுதாமல் மற்றதை எழுதக்கூடாது.

ஆனி மாதம். மாங்கூழ் ஆலையின் எடைமேடை அறை.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
காவேரிப்பட்டணம் வரைக்கும் வரிசையில் நின்றன.
விடிய ஒரு மணி நேரம் இருக்கையில்
'யாரெல்லாம் முழிச்சிருக்கீங்க' என்று
டிரைவர் ஒருவர் குழுவில் கேட்டார்.
யாரோ ஒரு ஸ்டிக்கர் போட்டார்கள்:
டெஸ்க்கில் கன்னம் அழுந்த
வாய் பிளந்து தூங்கும் ஒரு சிறுமி,
கீழே மஞ்சள் எழுத்தில் 'கரண்ட் கட்'.
சேமித்துக்கொண்டேன்.
இரண்டு நாளில் நான்கு பேருக்கு அனுப்பினேன்,
ஒருவர் கேஸ் ஏஜென்சிக்காரர்.

மூன்றாம் நாள் வகுப்பாசிரியை அழைத்தார்.
செய்தது லோகித்.
என் மகன், ஆறாம் வகுப்பு, பி பிரிவு.
கணக்குப் பாட வீடியோவுக்கென்று
நான் கொடுத்த பழைய போனில்,
பைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்.

கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி நின்றது.
"எப்பிட்றா மனசு வந்துச்சு?"
பதில் சொல்லாமல் என் போனை எடுத்தான்,
என் ஸ்டிக்கர் பெட்டியைத் திறந்து நீட்டினான்.
முதல் வரிசையில்
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு. பாரூர் பஸ்.
சந்தைக்குப் போகும் கோழிகள் காலடியில்.
"எல்லார்கிட்டருந்தும் அழின்னு குடுத்தேம்மா. போகல."
"எப்பக் குடுத்த?"
"டீச்சர் கேட்டப்புறம்."
லாரி இறங்கிவிட்டால் ரசீதைத் திருத்த முடியாது,
எடைமேடையில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம்.
சொல்ல வாயெடுத்தேன்.
என் நான்கு ரசீதுகள் நினைவுக்கு வந்தன.

மாதேஸ்வரி வீடு ஏரிக்கரைக்குக் கீழே.
தூளியில் ஒரு கைக்குழந்தை,
கயிற்று நுனி அவள் கால் கட்டைவிரலில்.
அவள் அம்மாவின் கைகளில் மாம்பால் சுட்ட தழும்பு.
எங்கள் ஆலைதான். இரவு ஷிஃப்ட், வெட்டும் பகுதி.
ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
எடைமேடை வழியாக மாங்காய்தான் போகும்.

"என்னமோ படம்னாங்க. நான் பாக்கலாமா?"
அவளுடையது பட்டன் போன்.
வேறு வழியில்லாமல் என்னுடையதை நீட்டினேன்.
விரல் திரையில் பட்டுவிடாமல்
தாம்பாளம் ஏந்துவதுபோல் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தாள்.
"ராத்திரி நான் வேலைக்குப் போயிடறேன்.
இவ தூங்கறத
இந்த சீசன்ல இப்பத்தான் பாக்கறேன்."

லோகித் மனப்பாடம் செய்துவந்த வாக்கியம்
'நான் தெரியாம' என்பதோடு நின்றது.
மாதேஸ்வரி அவனிடம் வந்து
மேலுதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள்.
"அதுல இந்தக் கோரைப்பல்லு இல்ல.
விழுந்த அன்னிக்கு எடுத்திருக்க.
இப்ப முளைச்சிருச்சு, பாரு."

குனிந்து பார்த்தான்.
குறுணை அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

திரும்பும் பஸ்ஸில் எழுதத் தொடங்கினான்.
'இந்த ஸ்டிக்கர் செஞ்சது நான்.
இது ஒரு நிஜமான பொண்ணு.
தயவுசெஞ்சு அழிச்சிடுங்க.'
"பேர் போடணுமா?"
"யார் பேர?"
"என் பேரத்தான்."
போட்டான். ஒவ்வொரு குழுவாக.

ஆறாவது குழுவிலிருந்து உடனே பதில் வந்தது.
அதே ஸ்டிக்கர்.
வாய் பிளந்து. கரண்ட் கட்.

என்னைப் பார்த்தான்.
சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.
தென்பெண்ணைப் பாலத்தில்
சிக்னல் போய்ப் போய் வந்தது.
கேஸ் ஏஜென்சிக்காரர் பெயரைத் தேடி எடுத்தேன்.
வணக்கம் என்று போட்டு அழித்தேன்.
சார் என்று போட்டு அழித்தேன்.

ஏழாவது குழுவைத் திறந்தபடி,
தலை நிமிராமல்,
"அனுப்பினது நான்னு ஆரம்பிம்மா" என்றான்.